கலை அருங்காட்சியகத்துக்கு முதல் முறை போகிறீர்களா? கண்காட்சியிலிருந்து தொடங்குங்கள்

பெரிய நகரத்துக் கலை அருங்காட்சியகத்துக்கு முதல் முறை போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே நினைப்போடுதான் போகிறார்கள்: வந்தது வந்தோம், எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். அது நடக்கிற காரியம் இல்லை. பாரிஸின் லூவரில் காட்சிக்கு இருப்பவை மட்டும் சுமார் 35,000. ஒவ்வொன்றின் முன்னாலும் பத்தே நொடி நின்றால்கூட, சாப்பிடாமல் தூங்காமல் நான்கு நாளுக்கு மேல் ஆகும். ஓட்டமும் நடையுமாகச் சுற்றினால் மூன்றாவது மணி நேரத்தில் கால் வலிக்கும், எல்லா ஓவியமும் ஒரே மாதிரி தெரியும், வெளியே வந்ததும் எதைப் பார்த்தோம் என்றே சொல்லத் தெரியாது.

அதனால் கணக்கை முதலிலேயே சுருக்கிவிடுங்கள். ஒரு முறை போனால் ஒரு கண்காட்சி, அப்புறம் நிரந்தரக் கூடங்களில் இரண்டு மூன்று அறைகள். மொத்தம் இரண்டு, இரண்டரை மணி நேரம். இது குறைவாகத் தோன்றலாம். போய்ப் பார்த்தால், இதற்கே மூச்சு வாங்கும்.

எதை முதலில் பார்ப்பது

இப்படிப்பட்ட கட்டடம் எதிலும் இரண்டு வகைக் கூடங்கள் இருக்கும். ஒன்று நிரந்தரச் சேகரிப்பு. அருங்காட்சியகத்துக்கே சொந்தமானவை இவை. இடம் மாறலாம், சில நாள் கிடங்குக்குப் போகலாம், ஆனால் அடுத்த ஆண்டு வந்தாலும் பெரும்பகுதி அங்கேயே இருக்கும். இன்னொன்று மாறும் கண்காட்சி. மூன்று நான்கு மாதம் நடக்கும், முடிந்ததும் கலைந்துவிடும். அதில் உள்ள பலவும் வேறு ஊர் அருங்காட்சியகங்களிலிருந்தும் தனியாரிடமிருந்தும் இரவலாக வந்தவை.

இந்த இரவல் சமாச்சாரம் லேசுப்பட்டதல்ல. ஒரு பெரிய கண்காட்சிக்கான வேலை பல ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிடும். ஒவ்வொரு படைப்புக்கும் தனி ஒப்பந்தம், தனிக் காப்பீடு, அதன் அளவுக்கே செய்த மரப்பெட்டி. முக்கியமான படைப்பு என்றால் கொடுத்த இடத்திலிருந்தே ஒருவர் கூடவே பயணம் செய்வார். வந்து சேர்ந்த பெட்டியை உடனே திறப்பதும் இல்லை. புதிய அறையின் வெப்பத்துக்கும் ஈரப்பதத்துக்கும் பழக வேண்டும் என்று வழக்கமாக ஒரு நாள் அப்படியே வைத்திருப்பார்கள். திருப்பி அனுப்பும் தேதி எழுதி வைத்தது. அதனால் ‘இன்னும் ஒரு மாதம் நீட்டியிருக்கலாமே’ என்று நாம் ஆதங்கப்படுவதில் பெரும்பாலும் பயன் இல்லை.

இவ்வளவு பாடுபட்டுச் சேர்ப்பது எதற்காக? ஓர் உதாரணம் போதும். க்ளோத் மோனே 1892-க்கும் 1894-க்கும் இடையில் பிரான்ஸின் ரூவான் நகரத் தேவாலயத்தின் முகப்பை முப்பதுக்கும் மேற்பட்ட முறை வரைந்தார். அதே கல், அதே வாசல். மாறியது வெளிச்சம் மட்டும்தான். இன்று அந்த ஓவியங்கள் பல நாடுகளில் சிதறிக் கிடக்கின்றன. ஒன்றை மட்டும் பார்த்தால் ‘நல்ல ஓவியம்’ என்று நகர்ந்துவிடுவோம். நான்கைந்தைப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினால்தான் அந்த மனிதர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதே பிடிபடும். அப்படி மாட்ட ஒரு கண்காட்சியால்தான் முடியும்.

ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம் 2023-இல் நடத்திய வெர்மீர் கண்காட்சியும் இதே கதைதான். அவர் வரைந்ததாக ஏற்கப்படுபவை மொத்தமே சுமார் 37 ஓவியங்கள். அவற்றில் 28-ஐ ஒரே இடத்தில் கூட்டிவிட்டார்கள். கிட்டத்தட்ட நான்கு மாதத்துக்கான டிக்கெட்டுகள் திறந்த சில நாட்களிலேயே தீர்ந்துபோயின.

ஆகவே கண்காட்சிக்கே முதலிடம், அதுவும் மனம் களைக்காமல் இருக்கிற முதல் மணி நேரத்தில். நிரந்தரக் கூடங்களைச் சுற்றிவிட்டு, மிச்சமிருக்கிற நேரத்தில் கண்காட்சியை எட்டிப் பார்க்கலாம் என்று வைத்துக்கொண்டால், கடைசி அறைக்கு வரும்போது ‘மூடப் போகிறோம்’ என்ற அறிவிப்புதான் வரவேற்கும்.

கிளம்பும் முன்

அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் கால் மணி நேரம் செலவழித்தால் வாசலில் படும் பாதி அவஸ்தை குறையும்.

முதலில் விடுமுறை நாள். இது இடத்துக்கு இடம் மாறும். லூவருக்குச் செவ்வாய், அதே பாரிஸில் ஓர்சே அருங்காட்சியகத்துக்குத் திங்கள், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டனுக்குப் புதன். அடுத்து, எந்த நாளில் இரவு நேரம் வரை திறந்திருக்கிறது என்று பாருங்கள். பல பெரிய அருங்காட்சியகங்கள் வாரத்தில் ஓரிரு நாள் ஒன்பது மணி போல வரை திறந்திருக்கும். சுற்றுலாக் குழுக்களும் பள்ளிப் பிள்ளைகளும் போய்விட்ட அந்த மாலை நேரம்தான் எனக்குத் தெரிந்து மிகச் சிறந்த நேரம். இலவச அனுமதி நேரமும் சில இடங்களில் உண்டு. மாட்ரிட்டின் பிராடோவில் தினமும் கடைசி இரண்டு மணி நேரம் இலவசம். ஆனால் அதற்கான வரிசையும் அதற்குத் தகுந்த நீளத்தில் இருக்கும். நிரந்தரக் கூடங்களில் ஒரே ஓர் அறையைப் பார்க்க அந்த நேரம் சரி. பெரிய கண்காட்சிக்கு வேண்டாம்.

அப்புறம் டிக்கெட். பெரிய கண்காட்சி என்றால் பெரும்பாலும் நேரம் குறித்த டிக்கெட்தான். அதில் இருப்பது நீங்கள் உள்ளே நுழைய வேண்டிய நேரம். வெளியேற வேண்டிய நேரம் அல்ல. உள்ளே போனபின் உங்களை யாரும் விரட்ட மாட்டார்கள். நுழைவுச் சீட்டிலேயே கண்காட்சியும் அடங்குமா, தனியாக வாங்க வேண்டுமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். லண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் நிரந்தரச் சேகரிப்பு இலவசம், பெரிய கண்காட்சிகளுக்கு மட்டும் டிக்கெட். வேறு சில இடங்களில் ஒரே டிக்கெட்டில் எல்லாம் முடிந்துவிடும்.

எந்த வாரம் போவது? திறந்த முதல் வாரமும் மூடும் கடைசி இரண்டு வாரமும் கூட்டம் அம்மும். நடுவில் ஒரு வாரநாளைப் பிடியுங்கள். கடைசி நேர நெரிசல் எந்த அளவுக்குப் போகும் என்றால், லூவரில் 2019 அக்டோபர் முதல் 2020 பிப்ரவரி வரை நடந்த லியனார்டோ கண்காட்சிக்குக் கடைசி மூன்று இரவுகள் விடிய விடியக் கதவைத் திறந்து வைத்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பார்த்த கண்காட்சி அது.

அந்தக் கண்காட்சியிலேயே புதியவர்கள் கவனிக்க வேண்டிய இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்று, மோனலிசா அதில் இல்லை. மேல்மாடியில் தன் வழக்கமான அறையிலேயே இருந்தது. கண்காட்சி டிக்கெட்டோடு வந்து கீழே தேடினால் கிடைக்காது. இரண்டு, வட்டத்துக்குள்ளும் சதுரத்துக்குள்ளும் கைகால் விரித்து நிற்கிற அந்தப் புகழ்பெற்ற மனித உருவக் கோட்டோவியம் வெனிஸிலிருந்து வந்திருந்தது. ஆனால் எட்டு வாரம் மட்டும்தான். காகிதம் வெளிச்சத்தைத் தாங்காது என்பதால் அப்படி ஒரு நிபந்தனை. வெர்மீர் கண்காட்சியிலும் ‘முத்துக் காதணி அணிந்த பெண்’ மார்ச் மாத இறுதியிலேயே தன் சொந்த இடமான ஹேக் நகரத்துக்குத் திரும்பிவிட்டாள். கண்காட்சியோ ஜூன் வரை நடந்தது. குறிப்பிட்ட ஒரு படைப்புக்காகவே போகிறீர்கள் என்றால், அது அன்றைக்கு அங்கே இருக்குமா என்று பார்த்துவிட்டுப் பயணச்சீட்டு எடுங்கள்.

நிரந்தரச் சேகரிப்புக்கும் இது பொருந்தும். நீங்கள் ஆசைப்பட்டுப் போன ஓவியம் வேறொரு நாட்டுக் கண்காட்சிக்குப் போயிருக்கலாம். அல்லது பழுது பார்க்கும் அறையில் இருக்கலாம். பெரிய அருங்காட்சியகங்களின் தளத்தில் ஓவியத்தின் பெயரைத் தேடினால் இப்போது காட்சியில் இருக்கிறதா, எந்த எண் அறை என்பது வந்துவிடும். இன்னொன்று: ஒரு கண்காட்சி முடிந்து அடுத்தது தொடங்கும் வரை சில வாரம் அந்தக் கூடங்கள் பூட்டியிருக்கும். வேலை நடந்துகொண்டிருக்கும். அந்த இடைவெளியில் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

வாசலில்

பெரிய பையை உள்ளே விட மாட்டார்கள். பொருள் வைக்கும் அறையில் கொடுத்துவிடுங்கள். முதுகுப்பையை அனுமதிக்கும் இடத்திலும் முன்பக்கம் மாட்டிக்கொள்ளச் சொல்வார்கள். திரும்பும்போது பை எங்கே படுகிறது என்று நமக்குத் தெரியாது என்பதுதான் காரணம். குடை, செல்ஃபி குச்சி, சாப்பாடு எல்லாவற்றுக்கும் தடை. 2022 அக்டோபரில் லண்டனில் வான்கோவின் சூரியகாந்தி ஓவியத்தின் மேல் சூப்பை ஊற்றிய போராட்டத்துக்குப் பிறகு தண்ணீர் பாட்டிலைக்கூடச் சில இடங்களில் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள். (கண்ணாடி மூடியிருந்ததால் ஓவியம் தப்பித்தது.)

குறிப்பெடுக்கிறவர் என்றால் பென்சில் கொண்டுபோங்கள். பேனாவுக்குப் பல இடங்களில் அனுமதி இல்லை. மெல்லிய மேலாடை ஒன்றும் வேண்டும்: அறையின் வெப்பநிலை ஓவியத்தின் சௌகரியத்துக்காக வைத்தது, நம் சௌகரியத்துக்காக அல்ல. செருப்போ ஷூவோ, பழகியதாக இருக்கட்டும். கல் தரையில் நின்று நின்று பார்ப்பது நடப்பதைவிடக் காலைப் பதம் பார்க்கும். சில அருங்காட்சியகங்களில் மடக்கு நாற்காலி இரவல் தருவார்கள். வெட்கப்படாமல் கேட்டு வாங்குங்கள்.

கண்காட்சிக்குள்

நுழைந்ததும் சுவரில் பெரிய எழுத்தில் ஒரு முன்னுரை இருக்கும். கூட்டத்தில் பாதிப்பேர் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். நீங்கள் நின்று படியுங்கள். கண்காட்சி என்பது கியூரேட்டர் (படைப்புகளைத் தேர்ந்தெடுத்து கண்காட்சியை அமைப்பவர்) ஒருவர் ஒரு கருத்தைச் சொல்ல முயல்வது. ‘இந்த ஓவியரை இதுவரை தவறாகப் புரிந்துகொண்டோம்’ என்று சொல்கிறாரா, ‘இந்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்துத்தான் வளர்ந்தார்கள்’ என்கிறாரா? அது தெரிந்தால் எது எதன் பக்கத்தில் மாட்டப்பட்டிருக்கிறது என்பதற்கும் அர்த்தம் கிடைத்துவிடும். 2023-இல் ஓர்சேயும் மெட்ரோபாலிட்டனும் அடுத்தடுத்து நடத்திய மானே–டெகா என்ற இரு பிரெஞ்சு ஓவியர்களின் கண்காட்சி இரண்டாவது வகை. கிட்டத்தட்ட ஒரே வயதுக்காரர்கள், நண்பர்கள், போட்டியாளர்கள்; இருவரையும் எதிரெதிரே நிறுத்தி நம்மையே தீர்ப்புச் சொல்ல விட்டார்கள். அப்படி விடும்போது கியூரேட்டரோடு சண்டை போடலாம். இந்த ஜோடி பொருந்தவில்லை, இந்த அறை வீண் என்று தோன்றினால் தோன்றட்டும். பயந்து பயந்து ரசிக்கத் தேவையில்லை.

முன்னுரை படித்தாயிற்று. முதல் அறையில் எப்போதும் நெரிசல்தான். எல்லோரும் முதல் ஓவியத்திலிருந்து வரிசையாகப் பார்க்கத் தொடங்குவார்கள், மூன்றாவது அறைக்குள் சோர்ந்துவிடுவார்கள். நீங்கள் அந்த வரிசையில் சேராதீர்கள். முதல் சுற்றில் எங்கும் நிற்காமல் கடைசி அறை வரை மெதுவாக நடந்துவிடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் போதும். எது காலைப் பிடித்து நிறுத்துகிறது என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள். நான்கு அல்லது ஐந்து தேறும். அப்புறம் திரும்பி வந்து அவற்றின் முன்னால் மட்டும் நில்லுங்கள். ஒரே எச்சரிக்கை: வெளி வாசலைத் தாண்டினால் திரும்ப விட மாட்டார்கள். கடைசி அறையில் நிற்கும் காவலரிடம் ‘இங்கிருந்து பின்னால் போகலாமா’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

காவலர்களைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். மாதக்கணக்கில் அதே அறையில் நிற்கிறவர்கள் அவர்கள். எந்த நேரத்தில் கூட்டம் குறையும், எந்த ஓவியத்தின் முன்னால் ஆட்கள் வெகுநேரம் நிற்கிறார்கள் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. அறை காலியாக இருக்கும்போது ‘உங்களுக்கு இதில் எது பிடிக்கும்’ என்று கேட்டுப் பாருங்கள். ஆடியோ கைடில் வராத பதில் வரும்.

ஆடியோ கைடு எடுக்கலாமா என்றால், நான் இரண்டாவது சுற்றுக்கு மட்டும் என்பேன். காதில் ஒரு குரல் பேசிக்கொண்டிருந்தால் கண் அதன் பின்னாலேயே போய்விடுகிறது.

சில அறைகள் இருட்டாக இருக்கும். சிக்கனத்துக்காக அல்ல. கோட்டோவியம், நீர்வண்ணம், அச்சோவியம், பழைய துணி போன்றவை வெளிச்சத்தில் நிறம் வெளுக்கும். வெளுத்தது திரும்ப வராது. அதனால் வழக்கமாக 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்கு மட்டுமே ஒளி வைப்பார்கள். வெளிச்சமான அறையிலிருந்து வந்தவருக்கு இது கும்மிருட்டாகத் தோன்றும். சில நிமிடம் பொறுங்கள், கண் பழகும். காகிதப் படைப்புகளைச் சில மாதம் காட்டிவிட்டுப் பிறகு ஆண்டுக்கணக்கில் இருட்டில் ஓய்வுக்கு வைத்துவிடுவது வழக்கம். நிரந்தரக் கூடங்களில் அவை அரிதாகவே தென்படுவதற்குக் காரணம் இதுதான். கோட்டோவியக் கண்காட்சி ஒன்று நடக்கிறது என்றால், ‘வெறும் பென்சில் படம்தானே’ என்று விட்டுவிடாதீர்கள். அடுத்த வாய்ப்பு எப்போதோ.

ஓர் ஓவியத்தின் முன்னால்

மெட்ரோபாலிட்டனில் பார்வையாளர்கள் ஓர் ஓவியத்துக்கு எவ்வளவு நேரம் கொடுக்கிறார்கள் என்று அளந்து பார்த்த ஆய்வு ஒன்று 2001-இல் வெளியானது. பாதிப்பேர் 17 நொடிக்குள் நகர்ந்துவிட்டார்கள். லேபிளைப் படிக்கும் நேரமும் அதில் சேர்த்தி.

நீங்கள் தேர்ந்தெடுத்த நான்கைந்துக்கு ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடமாவது கொடுங்கள். சும்மா வெறித்துப் பார்த்தால் ஐந்து நிமிடம் யுகமாகத் தெரியும். ஆகவே கண்ணுக்கு வேலை வையுங்கள். முதலில் லேபிள் பக்கமே போகாமல் தள்ளி நின்று முழு ஓவியத்தையும் பாருங்கள்: வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, கண் முதலில் எங்கே போகிறது, அதற்கப்புறம் எங்கே? அடுத்து, அனுமதிக்கும் தூரம் வரை கிட்டே போங்கள். வண்ணம் மெல்லிய பூச்சாக இருக்கிறதா, கரணையால் அப்பியதுபோல மேடுபள்ளமாக இருக்கிறதா? பக்கவாட்டில் நகர்ந்து சாய்வாகப் பார்த்தால் இது நன்றாகத் தெரியும். கடைசியாக மறுபடி பின்னால் வாருங்கள். இரண்டாம் முறை தள்ளி நிற்கும்போது தெரிவது முதல் முறை தெரிந்த ஓவியம் அல்ல.

உதாரணத்துக்கு லண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் யான் வான் எய்க் 1434-இல் வரைந்த ஆர்னோல்ஃபினி ஓவியத்தை எடுத்துக்கொள்வோம். உயரம் 82 சென்டிமீட்டர், அகலம் 60. தூரத்திலிருந்து பார்த்தால் ஓர் அறையில் கைகோத்து நிற்கும் ஆணும் பெண்ணும், காலடியில் ஒரு சிறிய நாய். அவ்வளவுதான். கிட்டே போங்கள். மேலே தொங்கும் பித்தளை விளக்கில் பகல் வெளிச்சத்திலும் ஒரே ஒரு மெழுகுவத்தி எரிகிறது. ஜன்னல் பக்கம் ஆரஞ்சுப் பழங்கள். பின்சுவரில் ஒரு குவிந்த வட்டக் கண்ணாடி. அதைச் சுற்றிய சட்டத்தில் பத்துச் சின்னஞ்சிறு வட்டங்கள், ஒவ்வொன்றிலும் கிறிஸ்துவின் பாடுகளிலிருந்து ஒரு காட்சி. கண்ணாடிக்குள் அந்த ஜோடியின் முதுகு தெரிகிறது. அதையும் தாண்டி உற்றுப் பார்த்தால், வாசலில் இரண்டு பேர் நிற்கிறார்கள். அதாவது, நாம் நிற்கும் இடத்தில். கண்ணாடிக்கு மேலே சுவரில் அலங்கார எழுத்தில் லத்தீனில் எழுதியிருக்கிறது: ‘யான் வான் எய்க் இங்கே இருந்தார், 1434.’ வாசலில் நிற்கும் அந்த இருவரில் ஒருவர் ஓவியரேதானா என்று பல காலமாக வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். 17 நொடியில் இதில் எதுவும் கண்ணில் படாது.

கிட்டே போவது என்றால் எவ்வளவு? கோடு அல்லது கயிறு இருந்தால் அதோடு சரி. இல்லாவிட்டால் கையை நீட்டினாலும் எட்டாத தூரம். விரலை நீட்டிச் சுட்டிக்காட்டும் பழக்கம் இருக்கிறவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொள்வது உத்தமம். பல இடங்களில் எச்சரிக்கை மணி அடித்து மொத்த அறையும் திரும்பிப் பார்க்கும்.

சிற்பம் என்றால் கட்டாயம் ஒரு சுற்று சுற்றி வாருங்கள். பின்பக்கம் பார்க்காத சிற்பம் பாதி பார்த்த சிற்பம்தான்.

லேபிளில் என்ன இருக்கிறது

பார்த்த பிறகு லேபிள். ஓவியர் பெயர், வாழ்ந்த காலம், தலைப்பு, ஆண்டு, எதில் எதைக்கொண்டு வரைந்தது. இதெல்லாம் எல்லோரும் படிப்பது. பெயருக்கு முன்னால் பின்னால் ஒட்டியிருக்கும் சின்னச் சொற்களைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ‘ரெம்பிராண்ட்’ என்று மட்டும் இருந்தால் அவரே வரைந்ததாக அருங்காட்சியகம் நம்புகிறது. ‘அவருடையதாகக் கருதப்படுகிறது’ என்றால் முழு உறுதி இல்லை. ‘அவருடைய பட்டறை’ என்றால் சீடர்கள் கை. ‘அவரைப் பின்பற்றியவர்’ என்றால் அவர் அந்தப் பக்கமே வந்திருக்கத் தேவையில்லை. ‘அவரைப் பார்த்து’ என்றால் நகல்.

கடைசி வரியில் அன்பளிப்பு, விலைக்கு வாங்கியது, இரவல் என்று ஏதாவது ஒன்று இருக்கும். கூடவே ஓர் எண். பல அருங்காட்சியகங்களில் அந்த எண்ணின் தொடக்கம் படைப்பு வந்து சேர்ந்த ஆண்டைக் குறிக்கும். ஐரோப்பிய ஓவியம் ஒன்று 1933-க்கும் 1945-க்கும் இடையில் கைமாறியிருந்தால், அதன் பழைய உரிமையாளர்கள் பட்டியலையும் இணையதளத்தில் பாருங்கள். நாஜிகள் பறித்த சொத்தா என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். க்ளிம்ட் வரைந்த அடேலே ப்ளாக்-பாவர் ஓவியம் பல பத்தாண்டுகள் வியன்னாவின் பெல்வெடேரே அருங்காட்சியகத்தில் தொங்கியது. 2006-இல் வாரிசுகளிடம் திரும்பி, இப்போது நியூயார்க்கின் நொய்யெ கேலரியில் (Neue Galerie) இருக்கிறது. லேபிளின் கடைசி வரி சில சமயம் ஓவியத்தைவிட நீண்ட கதை.

நடுவில் ஓய்வு, அப்புறம் நிரந்தரக் கூடங்கள்

கண்காட்சியிலிருந்து வெளியே வந்ததும் இருபது நிமிடம் உட்காருங்கள். கட்டாயம். அப்புறம் வரைபடத்தில் முன்பே குறித்து வைத்த இரண்டு மூன்று அறைகளுக்குப் போங்கள். பார்த்த கண்காட்சியோடு தொடர்புள்ள அறையைத் தேர்ந்தெடுத்தால் நல்லது. அதே ஓவியரின் வேறொரு படைப்பு, அல்லது அவர் பார்த்து வளர்ந்தவர்கள்.

புகழ்பெற்ற ஓவியத்தைப் பார்க்காமல் வருவதா என்று மனசு கேட்காது. சரி, பாருங்கள், ஆனால் திறந்தவுடனோ மூடும் முன்னாலோ பாருங்கள். மோனலிசா வெறும் 77-க்கு 53 சென்டிமீட்டர். கூட்டத்துக்குப் பின்னால் நின்றால் தெரிவது தூக்கிப் பிடித்த கைபேசிகள்தான். அதே அறையில் நேர் எதிர்ச் சுவரில் வெரோனேஸே 1563-இல் முடித்த கானாவூர்த் திருமண விருந்து இருக்கிறது. 6.77 மீட்டர் உயரம், கிட்டத்தட்ட 10 மீட்டர் அகலம், லூவரின் மிகப் பெரிய ஓவியம். அத்தனை பேரும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். திரும்பி நின்றால் போதும், நெரிசல் இல்லாமல் பார்க்கலாம். எந்த அருங்காட்சியகத்திலும் இந்த உத்தி பலிக்கும்: நட்சத்திர ஓவியத்தின் எதிர்ச் சுவரையும் அடுத்த அறையையும் பாருங்கள்.

பழுது பார்க்கும் வேலையும் சில இடங்களில் நம் கண்முன்னாலேயே நடக்கிறது. ரெம்பிராண்டின் ‘இரவுக் காவல்’ ஓவியத்தை 2019 முதல் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் கண்ணாடி அறைக்குள் வைத்தே ஆராய்ந்து சரிசெய்து வருகிறார்கள். ‘ஐயோ, வேலை நடக்கிறதே’ என்று வருத்தப்படாதீர்கள். ஓவியத்தை அப்படிப் பார்ப்பது தனி அனுபவம். 1715-இல் ஆம்ஸ்டர்டாம் நகர மன்றத்துச் சுவரில் பொருத்துவதற்காக இதன் ஓரங்களை வெட்டிவிட்டார்கள் என்பதையும் தெரிந்துகொண்டு பாருங்கள்.

எதுவும் மாறாத இடங்களும் உண்டு. பாஸ்டனில் இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் அம்மையாரின் அருங்காட்சியகத்தில் அவர் வைத்த பொருளை இடம் மாற்றக் கூடாது என்று உயிலே இருக்கிறது. 1990 மார்ச்சில் 13 படைப்புகள் திருடுபோயின. அந்தக் காலிச் சட்டங்கள் இன்னமும் சுவரில் தொங்குகின்றன.

தற்காலக் கலைக் கூடத்துக்குப் போனால், காணொளிப் படைப்பு ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம் என்று லேபிளில் பார்த்துவிட்டு உட்காருங்கள். சில நான்கு நிமிடம், சில மணிக்கணக்கில் ஓடும். பொருளைத் தொடலாமா, மேலே நடக்கலாமா என்ற சந்தேகம் வந்தால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். புரியவில்லை என்றால் நகர்ந்துவிடலாம், குற்றமில்லை.

படம், குழந்தைகள், கடை

ஃபிளாஷ் எங்குமே கூடாது. ஃபிளாஷ் இல்லாமல் எடுப்பதை நிரந்தரக் கூடங்களில் பெரும்பாலும் அனுமதிப்பார்கள், ஆனால் இரவல் படைப்புகளுக்குக் கொடுத்தவரின் நிபந்தனை இருக்கும். லேபிளில் குறுக்குக்கோடு போட்ட கேமரா படம் இருக்கிறதா என்று பாருங்கள். மாட்ரிட்டில் பிகாசோவின் ‘கெர்னிகா’வை 2023 வரை யாரும் படம் எடுக்க முடியாது, இப்போது எடுக்கலாம். எடுக்கும்போது ஓவியத்தோடு லேபிளையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்தபின் யார், எது என்று தேட அதுதான் கைகொடுக்கும்.

குழந்தைகளோடு போனால் ஒரு மணி நேரம்தான் கணக்கு. வாசலிலேயே அவர்களுக்கான தாள், பென்சில், விளையாட்டுக் குறிப்பு கிடைக்குமா என்று கேளுங்கள். ஓவியங்களில் நாய் எத்தனை என்று எண்ணச் சொன்னாலே பாதி அறைகள் அமைதியாகக் கழியும்.

கண்காட்சியின் வெளிவாசல் அநேகமாகக் கடைக்குள்தான் திறக்கும். அங்கே அடுக்கியிருக்கும் கண்காட்சி நூல் கனமானது, விலையும் அதற்கேற்ப. உடனே வாங்க வேண்டாம். படித்துப் பார்க்கப் பெரிய நூலகங்களில் கிடைக்கும், பல அருங்காட்சியகங்கள் பழைய கண்காட்சி நூல்களை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கின்றன. ஆண்டுக்கு மூன்று கண்காட்சியாவது பார்ப்பவர் என்றால் உறுப்பினர் அட்டையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பல இடங்களில் மூன்றாவது வருகைக்குள் முதல் தேறிவிடும், நேர டிக்கெட்டுக்கு அடித்துப்பிடிக்கவும் வேண்டாம், பொதுமக்களுக்குத் திறக்கும் முன்பே உறுப்பினர்களுக்கு என்று ஒரு நாள் தனியாகவும் உண்டு. கிளம்பும்போது அடுத்த கண்காட்சியின் தொடக்கத் தேதியையும் முடிவுத் தேதியையும் கைபேசியில் குறித்துக்கொள்ளுங்கள்.